அடக்கம் என்று சொன்னார்கள்

ஜசிந்தா அக்கா போய்விட்டார்... நேற்று காலை, சைதாப்பேட்டையில், வாசல் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

ஒரு ரிக்வெஸ்ட். மயிலாப்பூர் ஃபங்ஷனில் பொன்னாடையோடு நிற்கிறாரே, அந்த போட்டோவைப் போட்டு 'தன்னடக்கத்தின் சிகரம்' என்று ஆளாளுக்கு ஷேர் பண்ணுகிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வயிறு எரிகிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நானும் அக்காவும் தி.நகரில் ஒரே ஜவுளிக்கடையில் வேலை பார்த்தோம். அக்காவுக்கு இலங்கை, முல்லைத்தீவுப் பக்கம். சண்டைக்கு அப்புறம் தனி ஆளாக இங்கே வந்து சேர்ந்தவர்.

முதல் நாள் பிளவுஸ் பிட் கவுண்டரில் என் பக்கத்தில் நிறுத்தினார்கள். நான் எப்போதும்போல காட்டன் துணியில் கத்தரியால் ஒரு வெட்டு கொடுத்து, இரண்டு கையாலும் சர்ரென்று கிழித்தேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். விரல் எல்லாம் ஐஸ்.

"கிழிக்காதேங்கோ பிள்ளை... வெட்டுங்கோ."

சூப்பர்வைசர் அண்ணனுக்குச் சிரிப்பு. "வெட்டுனா கோணலா பூடும்மா. கிழிச்சாதான் நூல் புடிச்சு நேரா வரும். இன்னா, துணிக்கு வலிக்குதா?"

"துணிக்கு நோகாது, தம்பி" என்றார் அக்கா. அவ்வளவுதான். அப்புறம் அவரை சிந்தெடிக் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். அங்கே கிழிக்கிற வேலை கிடையாது.

ஏன் என்று நான் கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்து, கடை மாடிப்படியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அவராகவே சொன்னார்.

"நான் நர்ஸ் இல்லை, பிள்ளை. ஊரில தையல்காரி. பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தவை. கட்டுத்துணி இல்லை. சனத்தின்ர சீலையளைக் கிழிச்சு, அவிச்சு, காயவைச்சுக் குடுக்கிறது என்ர வேலை."

ஒரு நாள் ஒரு அம்மா பையிலிருந்து தன் கடைசிப் புடவையை எடுத்து நீட்டியிருக்கிறார். நல்ல பருத்தி, கிழியுங்கோ என்று. அக்கா கிழித்தார்.

அன்றைக்கு சாயங்காலம் அந்த அம்மாவையே தூக்கிக்கொண்டு வந்தார்கள்... கட்டுப் போடத் துணி இல்லை. உயிர் போன பிறகு மூடுவதற்கும் ஒரு முழம் இல்லை. மறுபடி ஷெல் விழ ஆரம்பித்ததும் எல்லாரும் ஓட வேண்டியதாகிவிட்டது.

"அப்பிடியே விட்டிட்டு ஓடி வந்தனாங்கள். பேர்கூடக் கேக்கேல்லை. கிழிக்கிற சத்தம் கேட்டால் அவ வந்து நிக்கிறா, பிள்ளை."

"எங்க நிக்கிறாங்க, அக்கா?"

அக்கா என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். நான் திரும்பவில்லை. சத்தியமாகப் பயம்.

இந்த ஃபங்ஷன் விஷயம் அதற்குப் பிறகு வந்தது. போர்க்காலத்தில் ஆஸ்பத்திரிகளில் தொண்டு செய்த சாதாரணப் பெண்களுக்குப் பாராட்டு என்று ஒரு மன்றம் ஏற்பாடு செய்தது. முதலாளி வீட்டம்மா அக்கா பெயரைக் கொடுத்துவிட்டார். அக்கா மாட்டவே மாட்டேன் என்றார். திடீரென்று ஒரு நாள், "மைக் தருவினமோ?" என்று கேட்டார்.

"பேசப் போறியாக்கா?"

"எங்கட ஆக்களும் வருவினம்தானே. அவவைத் தெரிஞ்ச ஆரும் இருந்தால், பேர் என்னெண்டு கேக்கலாம்."

அதற்காகத்தான் போனார். அதற்கு மட்டும்தான்.

மேடையில் ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்றைப் போர்த்தினார்கள். அக்கா அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மைக் முன்னால் போனார். "இது எனக்கு வேண்டாம். ஒரு அம்மாவுக்குச் சேர வேண்டியது. அவ..."

தொகுப்பாளர் பாய்ந்து மைக்கைப் பிடுங்கிவிட்டார். "பாத்தீங்களா? எவ்வளவு அடக்கம்! எவ்வளவு அடக்கம்! பலமா ஒரு கைதட்டு குடுங்க!"

ஹால் முழுக்கக் கைதட்டல்.

தொகுப்பாளர் சொன்னது பணிவை. அக்கா காதில் விழுந்தது வேறு. அந்த ஆள் முகத்தையே பார்த்தபடி, மைக் இல்லாமல், முன்வரிசையில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்...

"ஓம் ஐயா. அடக்கம் செய்யேல்லை."

அந்த ஆள் பொன்னாடையைத் திரும்ப அக்கா தோளில் போட்டு, கேமரா பக்கம் திருப்பி நிறுத்தினார். நீங்கள் ஷேர் பண்ணுகிற போட்டோ அப்போது எடுத்ததுதான். அந்த முகத்தைப் பார்த்தாவது தெரிய வேண்டாமா?

பஸ்ஸில் வரும்போது "கேக்க ஏலாமல் போச்சு" என்றார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இன்று கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்புவதற்கு முன் பக்கத்து வீட்டு ஆயா சத்தமாகக் கேட்டார். "பொறந்த வூட்டு கோடிப் பொடவை யாரும்மா போடறது?"

ஊரை விட்டு வந்தவருக்குப் பிறந்த வீட்டிலிருந்து யார் வருவார்கள்?

"நான்தான்" என்றேன். காலையிலேயே கடையில் எடுத்து வைத்திருந்தேன். நல்ல காட்டன், மெரூன் கரை. போர்த்திவிட்டேன்.

பையில் இன்னொரு புடவை இருந்தது. ஆயா பார்த்துவிட்டார். "இது யாருக்குடி? ஒரே வூட்டுலர்ந்து ரெண்டு கோடி போடமாட்டாங்களே?"

அதை மடிப்புக் கலையாமல் அக்கா கைக்குள் வைத்தேன். பெட்டியை மூடினார்கள்.

போய்ட்டு வாக்கா...

அந்த அம்மாவைப் பாத்தா அதக் குடுத்துடு. பேரு இன்னான்னும் கேட்டுக்கோ.