மாடக்கா சூடாக்கிய சாம்பிள்

"திருவனந்தபுரத்துல ஏதோ ஒரு லேப்ல ரத்தத்தை வேக வைக்கிறாங்களாம். ரிசல்ட்டெல்லாம் தப்பா வருதாம்."

மஸ்கட்டில் மதியச் சாப்பாட்டின் நடுவே என் மனைவி நீது சொன்னாள். அவளுக்குச் சொன்னது ஒரு தோழி. தோழிக்கு வாட்ஸாப்பில் அனுப்பியது யாரோ. வேக வைக்கிறவள் என் பெரியப்பா மகள் மாடம்மாள். வெந்ததாகச் சொல்லப்படுவது என் தம்பி வினீத்தின் ரத்தம்.

நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த மாடக்கா, பழவங்காடிப் பக்கம் ஒரு லேபில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறாள். சண்டையை மலையாளத்தில் தொடங்குவாள். கோபம் முற்றினால் நாஞ்சில் தமிழ் வரும். ரத்தம் உறையாமலிருக்க அளவாகத் திரவம் விட்ட நீல மூடிக் குழாயில் ரத்தம் கோடுவரை நிற்காவிட்டால், கொண்டுவந்தது டாக்டர் வீட்டு டிரைவரானாலும் திருப்பி அனுப்புவாள். "அரை டம்ளர் பாலுக்கு முழு டம்ளர் டிக்காஷன் விட்டா காப்பியாகுமா சாரே?"

வினீத்துக்கு ஹீமோபிலியா. ஊசி மருந்து ஏற்றினால்தான் ரத்தம் உறையும். நாளைக் காலை அவனுக்கு முட்டியில் ஆபரேஷன். அந்த மருந்தையே முறிக்கும் ஆன்டிபாடி அவன் உடம்பில் இருந்தால், கத்தி வைத்தபின் ரத்தம் நிற்காது. வேறொரு லேப் 'இல்லை' என்று எழுதியிருந்தது. முந்தாநாள் மாடக்கா அவனைத் தன் லேபுக்குக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"அங்க ரத்தம் குடுக்கப் போன அன்னைக்கு மருந்து ஏத்திட்டா போன?"

"பின்னே? வித்துராவிலேருந்து மலைப்பாதை பஸ்ஸு. வளைவுல முட்டி இடிக்காதா? இன்னைக்கும் ஏத்திட்டுதான் வந்தேன். இந்த நோய் இருக்கிற நாங்க எல்லாரும் அப்படித்தான்."

"நல்லா இருக்கு. ஏத்தின மருந்து ரத்தத்துல கெடந்தா ஆன்டிபாடி எப்படிலே தெரியும்?"

புதிதாக ரத்தம் எடுத்தாள். சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, ஐம்பத்தாறு டிகிரி தண்ணீரில் அரைமணி நேரம் வைத்தாள். அந்தச் சூட்டில் மருந்து செயலிழக்கும்; ஆன்டிபாடி தாங்கும். திரிந்ததைத் திரும்பவும் சுழற்றி ஒதுக்கிவிட்டுச் சோதித்தாள். ஆன்டிபாடி இருந்தது. நிறையவே இருந்தது.

ஆபரேஷன் தள்ளிப்போகும் என்பதால் சர்ஜனின் உதவியாளருக்கு அது பிடிக்கவில்லை. அவர் வாயிலிருந்து கிளம்பிய 'வேக வைத்த' கதைதான் மஸ்கட் வரை வந்து சேர்ந்தது. நான் மாடக்காவை அழைத்தேன்.

"அக்கா, இந்தத் தேதிக்கு எத்தனை மாசம் அலைஞ்சோம். நானும் லீவு சொல்லியாச்சு. உங்க மேனேஜரும் ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கச் சொல்றாராமே..."

"உனக்கு லீவு பெருசா இருக்கோ? மாத்தி எழுத வேற ஆளைப் பாக்கச் சொல்லு."

"வேலை போயிரும்க்கா."

"போட்டும்லே. சூடாக்கத் தெரிஞ்சவளுக்கு இன்னொரு லேப் கிடைக்கும். ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருக்கேன். லைன்லயே இரு, நான் வினீத் வார்டுக்குள்ள போறேன்."

வினீத்தின் குரல் கேட்டது. "எனக்கு நடக்கணும்க்கா. ஒண்ணும் ஆகாது, விடு."

"நட. யாரு வேண்டான்னா? வேற மருந்து ஏற்பாடு பண்ணிட்டு வெட்டட்டும்."

சர்ஜன் சொல்லாமல் ஆபரேஷன் லிஸ்டிலிருந்து பேரை எடுக்க முடியாது என்று நர்ஸ் மலையாளத்தில் சொன்னாள்.

"அப்ப சாரையே கேக்கலாம். சிஸ்டரே, ஒரு கசேர தா. நாளைக்குக் காலையில டிராலி வந்தாலும் நான் இங்கதான் இருப்பேன்."

நாற்காலி இழுபடும் சத்தம். வார்டு போனை ஸ்பீக்கரில் போட்டு சர்ஜனின் நம்பரை அழுத்தினாள். என் காதில் அவளுடைய மூச்சும் அந்த மணியும். யாரும் எடுக்காமல் மணி நின்றது. மறுபடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டிருக்கிறது.