பட்டறைக்குப் போனால் கிளம்பும் வண்டி

நான் வக்கீலாகி ஐந்தாவது வருஷம், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தம்முடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். இரண்டே பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. சிவப்பு நிறம், எந்த மிருகத்தின் தோல் என்று யாருக்கும் தெரியாத தோல் மெத்தை, நீளமான பானெட், அதன் இரண்டு பக்கமும் காற்றுப் போக வரிவரியாகச் சந்துகள். கரமனை அக்ரஹாரத்தில் அதற்கு முன் அப்படியொரு வஸ்து வந்து நின்றதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாலிபம், வேறென்ன!

ஒரே ஒரு குறை. காலையில் கிளம்பாது. மத்தியானம் சமர்த்தாகக் கிளம்பும், சாயங்காலம் சங்குமுகம் கடற்கரைக்குப் பறக்கும். காலையில் மட்டும் ஹாண்டிலைப் போட்டு எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ஒரு தும்மல்கூடப் போடாது. என் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். கோட்டும் தலைப்பாகையுமாக நான் கோர்ட்டுக்கு நடந்து போவதைப் பார்க்க எதிர்வீட்டு மாமிகள் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள்.

எனக்கு இது மானப் பிரச்சினை. என் மனைவிக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை. அவள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு வரை படித்தவள். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்களுக்குக் கல்யாணமாகி, படிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பரீட்சையை எழுதியே தீர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி. ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் பூகோளப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, மாவு வழித்த கையாலேயே பக்கம் புரட்டுவாள். இந்தியாவின் நதிகள் எல்லாவற்றிலும் உளுந்து ஒட்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் அதிகாரம் என் அத்தையிடம் இருந்தது. அப்பாவின் அக்கா. பன்னிரண்டு வயதில் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். என் அம்மா போன பிறகு என்னை வளர்த்தவளும் அவள்தான். மடி ஆசாரத்தில் அவளை அசைக்க முடியாது. பரீட்சை விஷயத்தை நான் மெல்லச் சொன்னபோது ஒரு வாரம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"எழுதட்டும். பக்ஷே பஸ்ஸிலே கண்டவாளோட இடிச்சிண்டு போகப்படாது. வாடகை வண்டியும் வேண்டாம். ஆத்து வண்டியிலே, ஆம்படையானோட போய்ட்டு வரணும். அது கிளம்பலேன்னா போகவேண்டாம். சம்மதமா?"

சம்மதம் என்று நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி சொன்னேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் அன்றே பஸ்மமாகியிருக்க வேண்டும். பரீட்சை திங்கட்கிழமை தொடங்கி ஆறு நாள். ஆறு நாளும் காலை பத்து மணிக்கு.

கார் விற்கும் ஏஜென்சியின் பட்டறை ஊருக்குள் இருந்தது. சிமெண்டுத் தரை, வெள்ளையடித்த சுவர், நீலச் சட்டை போட்ட மெக்கானிக்குகள், டை கட்டிய மானேஜர். போனதும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வண்டியின் ஜாதகத்தை இங்கிலீஷில் மூன்று பிரதி எழுதிக்கொள்வார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வண்டி குணமாவதைவிட, அங்கே என் வண்டி நிற்பதை நாலு பேர் பார்ப்பதில் எனக்குக் குஷி. இதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

மூன்று தடவை காளைகளைப் பூட்டிச் சாலைக் கடைத்தெரு வழியாக அதை இழுத்துக்கொண்டு போனேன். மூன்று தடவையும் பட்டறை வாசலில் ஒரே சுற்றில் கிளம்பியது. முதல் தடவை பிளக் மாற்றினார்கள். இரண்டாம் தடவை ஒயர் மாற்றினார்கள். மூன்றாம் தடவை மானேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு மாதம் விட்டுவிட்டுப் போனால் எஞ்சினை முழுக்கப் பிரித்துப் பார்ப்பதாகவும், வேண்டிய சாமான்களைச் சீமையிலிருந்து கப்பலில் வரவழைப்பதாகவும் சொன்னார். கூடவே, வண்டியைக் கிளப்பும் முறையை எனக்கு ஒருமுறை காட்டித் தரட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய மூன்று பிரதியையும் கிழித்திருப்பேன். பரீட்சைக்கு நாலே நாள் இருந்தது.

கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு ஒரு மெக்கானிக் இருந்தார். மார்த்தாண்டம் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர். பஸ்ஸும் தோட்டத்து லாரிகளும் அவரிடம் வரும். தினமும் அவரைத் தாண்டித்தான் போவேன். பஸ்ஸுக்கு வைத்தியம் பார்க்கிறவரிடம் சீமை ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுப்பதா என்று ஒரு திமிர். வெள்ளிக்கிழமை திமிரை மடித்து வைத்துவிட்டுப் போனேன்.

அவர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அங்கிருந்தபடியே எந்த நேரத்தில் கிளம்பாது என்று கேட்டார். காலையில் என்றேன். எங்கே நிற்கும்போது? வீட்டு வாசலில். வேறு எங்கேயாவது கிளம்பாமல் இருந்திருக்கிறதா? நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் இல்லை. ஊரையெல்லாம் குறுக்கு விசாரணை செய்கிற என்னை இரண்டு கால்கள் விசாரணை செய்து மடக்கிவிட்டன.

"வண்டியெ இங்க கொண்டுவரண்டாம் சாமி," என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார். "இங்க வந்தா அது நல்ல பிள்ளையாட்டு நிக்கும். கிளம்பாத்த எடத்துல வச்சுதான் பாக்கணும். நாளைக்கு வெளுப்பாங்காலம், விடியும் முன்னே, நான் அங்க வாறேன்."

ஏழு மணிக்கு முன் எழுந்திருந்து பழக்கமில்லாத நான் சனிக்கிழமை நாலரை மணிக்கே ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக் தெருவின் எதிர்ச்சாரியில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். ஆற்றில் குளித்துவிட்டு, ஈரப் புடவையும் நிறைகுடமுமாக அத்தை வந்தாள். வண்டியைப் பிரதட்சிணமாகச் சுற்றினாள். பிறகு குடத்தைத் தூக்கி, பானெட் நெடுக, சந்துகளுக்குள்ளே இறங்க இறங்க, சுலோகம் சொல்லிக்கொண்டு நிதானமாக ஜலத்தை விட்டாள்.

கோர்ட்டுக்கும் கடைத்தெருவுக்கும் துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்கும் போய்வருகிற வண்டி, போதாக்குறைக்குத் தோல் மெத்தை. தீட்டுக் கழிய அத்தை அதற்குச் சுத்தி செய்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு சொட்டுத் தெளிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். குளிப்பாட்டுகிறாள் என்று யார் கண்டது! நான் எழுந்திருப்பதற்குள் வெளியே காய்ந்துவிடும். எங்கள் வாசலில் பத்து மணி வரை வெயில் விழாது, எஞ்சின் ஒயர்கள் மட்டும் உள்ளே நனைந்தபடி கிடக்கும். காளைகள் இழுத்துக்கொண்டு வெயிலில் போகப் போக அதுவும் காய்ந்துவிடும். இதற்குத்தான் சீமைக் கப்பல் வரவிருந்தது.

நான் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மெக்கானிக் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அத்தைக்கு எட்ட நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பேசினார்.

"அம்மா, இது உள்ள தீ எரியப்பட்ட வண்டியாக்கும். தீயில பட்டா எல்லாம் சுத்தம்ணு நீங்களே சொல்லுவீங்க. அந்தத் தீயெ ஆராவது குளிப்பாட்டுவாங்களா?"

அத்தை குடத்தை இறக்கி வைத்தாள். அவரிடமே கேட்டாள்.

"வேற கோளாறு ஒண்ணும் இல்லையா?"

"நீங்க ஊத்தின இந்த வெள்ளம் மட்டும்தான் அம்மா."

"அப்போ ஜலம் விடலேன்னா திங்கக்கிழமை கிளம்பிடுமோ?"

"ஒரே சுத்து."

அத்தை வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மெக்கானிக் ஒயர்களைத் துணியால் துடைத்தார். வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது. தம்முடைய வேலை தீர்ந்தது, மிச்சம் அம்மா கையில் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அத்தை யாரோடும் பேசவில்லை. வண்டியைக் கிளப்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. என் மனைவி புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். "இத்தனை நாளும் அவா தெரிஞ்சு பண்ணலே," என்றாள். "இனிமே பண்ணினா தெரிஞ்சு பண்றதாக்கும்."

திங்கட்கிழமை விடிவதற்கு முன் இருவரும் ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றோம். அத்தை நிறைகுடத்தோடு வந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். வெகுநேரம் நின்றாள். என் மனைவி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அத்தை குடத்தைக் கீழே வைத்தாள். குனிந்து, அந்தத் தோல் மெத்தையில் என் மனைவி உட்காரவேண்டிய இடது பக்கத்தில் கிடந்த சருகையும் தூசியையும் தன் வெறுங்கையால் தட்டிவிட்டாள். பிறகு, தோலைத் தொட்ட தீட்டுக்காக, குடத்து ஜலத்தைத் தெருவில் கொட்டிவிட்டு மறுபடியும் குளிக்க ஆற்றுக்கே திரும்பிப் போனாள்.

என் மனைவி அழுதுவிட்டாள். நானும்தான்.

வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது. எதிர்வீட்டு மாமிகளுக்கு ஏமாற்றம். புறப்படும் முன் என் மனைவி நமஸ்காரம் செய்தபோது அத்தை சொன்னது இதுதான்: "நன்னா எழுதிட்டு வா. வந்து என்ன கேட்டான்னு எங்கிட்டே சொல்லணும்."

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தோம். சாயங்காலம் திரும்பி வந்தபோது அத்தை காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு கேள்வி விடாமல் கேட்டாள். சரித்திரத்து ராஜாக்கள் எதற்காக இப்படி ஓயாமல் சண்டை போட்டார்கள் என்று திட்டினாள். பாலில் தண்ணீர் கலக்கும் கணக்கை நான் பென்சிலைத் தேடுவதற்குள் மனசிலேயே போட்டு விடை சொன்னாள். ஆறு நாளும் இப்படியே நடந்தது. ஆறு நாளும் வண்டி கிளம்பியது.

ஆறாம் நாள் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, நாளைக்கு என்ன பரீட்சை என்று கேட்டாள்.

"முடிஞ்சுது அத்தை. இனிமே இல்லே."

"அவ்வளவுதானா?" என்றாள் அத்தை. அவள் முகம் வாடிவிட்டது. அவளுக்கு எழுத்து தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள ஆசையுண்டா என்று ஐம்பது வருஷத்தில் எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. என் மனைவி அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் நாள் பேப்பரை எடுத்து, முதல் கேள்வியிலிருந்து மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தாள்.