காலில் விழுந்தபோது கண்டது

நான் பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை. அண்ணியின் கால் புண்ணுக்கு நான்தான் பொறுப்பு!

விவரம் தெரியாதவன் என்றால் நீங்கள் மன்னித்துவிடலாம். நானோ ஆஸ்பத்திரியில் டிரெசர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதுதான் என் வேலை. காஜா பெராங்கில் எங்கள் வீதியில் யாருக்குக் கட்டி வந்தாலும் என்னிடம்தான் காட்டுவார்கள்.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் பெறுவதற்கு, முந்தைய தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, என்னை வளர்த்த அண்ணியின் காலில் விழுந்தேன். முகத்துக்கு நேரே அவருடைய இடது கணுக்கால். உட்புறம் தேயிலைக் கறை போலப் பழுப்பேறியிருந்தது. தோல் இறுகிப் பளபளத்தது. சொறிந்த தடங்கள்... மேலே, கெண்டைக்காலில் புடைத்து நெளிந்த நரம்புகள்.

எனக்கா தெரியாது? இதே மாதிரிக் கால்களை வார்டில் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன்! இரத்தம் மேலே ஏறாமல் தேங்குகிறது. இனி ஒரு சின்னக் கீறல் போதும், ஆறாத புண்ணாகிவிடும். நெடுநேரம் நிற்கக் கூடாது, காலை உயர்த்தி வைக்க வேண்டும், இறுக்கிக் கட்ட வேண்டும்.

அண்ணியோ தெங்கேராவில் ஒரு டோபி கடையில் பகல் முழுக்க நின்றபடி இஸ்திரி போடுபவர். அண்ணன் இறந்தபின் எங்கள் வீடே அந்தக் கால்களில்தான் நின்றது. அவர் உட்கார்ந்துவிட்டால் நான் சிங்கப்பூருக்கு மேற்பயிற்சிக்குப் போக முடியாது. பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது...

என் பார்வை போன இடத்தை அவரும் கவனித்தார்.

"என்னா தம்பி அப்படிப் பாக்குற? சாயந்தரமானா வீங்குது, படுத்தா வடிஞ்சிடுது. அரிப்புதான் லா. சரியாயிடும்தானே?"

கேட்டார்! வாய்விட்டே கேட்டார்! நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, "பசிக்குது அண்ணி" என்றேன்.

பயிற்சி முடிந்து திரும்பியபோது நாடு சுதந்திரம் பெற்றிருந்தது. வீதியெங்கும் கொடிகள். அண்ணி கணுக்காலில் பழந்துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். கடையில் துணிக்கூடை இடித்துவிட்டதாம். அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் புண், ஆறு மாதமாக!

"ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல?" என்று கத்தினேன். கத்துவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

"பக்கத்துச் செட்டி வீட்டு அக்காகூடக் கூப்பிட்டாங்க. எங்க தம்பி டிரெசர், அவன் அன்னிக்கே பாத்துட்டான்னு சொன்னேன். ஏதாச்சும் இருந்தா நீ சொல்லியிருக்க மாட்டியா?"

நான் வாயை மூடிக்கொண்டதை அவர் வைத்தியன் வாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்...

அன்றிலிருந்து நானே கட்டுகிறேன். மூடுகிறது, மறுபடி திறக்கிறது. கடை வேலை போய்விட்டது. கோயிலுக்குக்கூட அவர் நடப்பதில்லை.

இந்தத் தீபாவளிக்கும் காலில் விழுந்தேன். முகத்துக்கு நேரே நான் போட்ட கட்டு. உண்மையைச் சொல்லிவிடத்தான் விழுந்தேன், நம்புங்கள்!

அண்ணி குனிந்து விபூதி பூசினார். "நல்லாயிரு தம்பி. நீ மட்டும் இல்லேன்னா என் கால் என்னா ஆயிருக்கும்?"

எழுந்தேன். பசிக்கிறது என்றேன்.