மூக்கில் ஒரு தேசிக்காய்

பெட்டியைத் திறந்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கனடாவில் இருக்கும் என் நாத்தனார் அனுப்பிய பெட்டி அது. உள்ளே விமானம் இருக்குமென்று பார்த்தால், தாள் மாதிரி மெல்லிய பல்சா மரத் தகடுகள், ஒரு கட்டுக் குச்சி, ஒரு சின்ன மோட்டார், சுருட்டி வைத்த வரைபடம். "என்னங்க இது, உங்க அக்கா ஐஸ்கிறீம் குச்சிய அனுப்பியிருக்காங்க" என்றேன். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். வீடு பற்றி எரிந்தாலும் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்புவார். "செய்து பறக்க விடுற பிளேன் வேணும் எண்டு நீர்தானே கேட்டனீர்" என்றார்.

கேட்டது உண்மைதான். பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மற்றவர்கள் தைத்த சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, தையல் பிசகியதைத் திருப்பி அனுப்புவேன். ஒரு நாள் வேலை முடிந்து குண்டசாலைக்கு பஸ்ஸில் வரும்போது, வழியில் இருந்த மைதானத்துக்கு மேலே ஒரு சின்ன விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. கீழே ஒருவர் ரிமோட்டோடு நின்றார். பஸ் திரும்பும்வரை கழுத்து நோக நோகப் பார்த்தேன். பிள்ளைகள் படித்து முடித்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இவ்வளவு காலமும் நான் சமைத்தது, தைத்தது, வாங்கியது எல்லாமே யாருக்காவதுதான். எனக்கே எனக்கென்று ஒன்று வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. பறக்கிற சாமானாக இருந்தால் யாரும் பங்குக்கு வரமாட்டார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகினார். மேசையில் வரைபடத்தை விரித்து, அதன்மேல் கண்ணாடித் தாளைப் போட்டு, கோட்டின் மேல் கோடாகக் குச்சிகளை வைத்துக் குண்டூசி குத்தி ஒட்ட வேண்டும். சிறகுக்குள் வரும் துண்டுகள் மீன் விலா மாதிரி வரிசையாக நின்றன. ஒருமுறை என் விரலும் ஒரு விலாவும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கப்போய் விலா முறிந்தது. விரல் போனாலும் பரவாயில்லை, விலா போச்சே என்று அன்று முழுவதும் எரிந்து விழுந்தேன். கடைசியில் சேலை அயன் பண்ணும் பெட்டியாலேயே சிவப்புப் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கிச் சிறகில் ஒட்டினேன். சூடு பட்டதும் சுருக்கமெல்லாம் இழுபட்டு மறைந்தது. தட்டிப் பார்த்தால் தப்பு மேளம் மாதிரி 'டும்' என்றது. சந்தோஷத்தில் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினேன்.

நாளை பறக்க விடுவது என்று முடிவான சனிக்கிழமை பின்னேரம், அவர் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, தட்டத்தோடு வந்தார்.

"புது வாகனம். பூசை போடாமல் எப்பிடி எடுக்கிறது?"

"இது வாகனமா? நீங்க ஏறியா போகப் போறீங்க?"

"சில்லு இருக்குத்தானே. சில்லு இருந்தால் வாகனந்தான்."

விமானத்தின் அடியில் மூன்று சில்லுகள், குட்டிச் சக்கரங்கள், இருக்கத்தான் செய்தன. மூக்கில் சந்தனம் வைத்து, குங்குமப் பொட்டு வைத்து, சிவப்பு நூலில் கோத்த பெரிய எலுமிச்சங்காய் ஒன்றை, அவர் பாஷையில் தேசிக்காயை, மூக்குக்குக் கீழே இறுக்கிக் கட்டிவிட்டுக் கற்பூரம் காட்டினார். தாள் உருகிவிடும் என்று நான் கத்தினேன். ஆனாலும் சாமிக்கென்று கட்டியதை அவிழ்க்க எனக்கும் மனம் வரவில்லை. ஓட்டோக்களில் கட்டுவதுபோல் காயும்வரை தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் விமானத்துக்கு ஒரு விதி உண்டு. சிறகில் குறித்த இடத்தில் இரண்டு விரல்களால் தாங்கினால், தராசு மாதிரி அது நேராக நிற்க வேண்டும். தாங்கிப் பார்த்தேன், தேசிக்காயின் பாரத்தில் மூக்குக் கீழே சாய்ந்தது. இதற்கா எனக்கு வழி தெரியாது? தையல் மெஷின் பெட்டியிலிருந்து நூல் சுற்றும் இரும்புப் பொபின் இரண்டை எடுத்து, வாலுக்குள் ஒட்டி, மேலே சிவப்புத் தாளைப் போட்டு அயன் பண்ணி மூடினேன். இப்போது அசையாமல் நேராக நின்றது. கெட்டிக்காரிதான் நான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிய, மைதானத்துக்குப் பொறுப்பானவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனோம். மலைப் பக்கம் பனி இன்னும் கலையவில்லை. காற்றே இல்லை. கம்பியூட்டரில் விளையாட்டு விமானத்தைப் பறக்க விட்டுப் பழகியிருந்தேன்தான். ஆனால் கம்பியூட்டரில் விழுந்தால் மறுபடி எழும்பும், இது விழுந்தால் குச்சிதான். ரிமோட்டைக் கையில் எடுத்தேன்.

"கொஞ்சம் பொறும்" என்று குனிந்தார் அவர். மூக்கில் இருந்த தேசிக்காயை அவிழ்த்து முன்சில்லுக்கு முன்னால் வைத்தார். "நசிச்சுக்கொண்டு போகட்டும்."

லொறி என்றால் நசிக்கும். இது ஒரு கிலோ அரிசிப் பாரமும் இல்லாத சாமான். மோட்டாரை முடுக்கியதும் தேசிக்காயில் முட்டிக்கொண்டு, போகவும் முடியாமல், நிற்கவும் மாட்டாமல் நடுங்கியது. மோட்டாரை நிறுத்தினேன். அவர் தேசிக்காயை இழுத்துத் தன் செருப்பாலேயே நசித்து, "இப்ப சரி, விடும்" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சிரிப்பில் வேறொன்றும் மண்டையில் ஏறவில்லை.

ஓடியது, ஓடியது, எழும்பிவிட்டது. நான் செய்த சாமான் நிலத்தை விட்டுவிட்டது! ஆனால் எழும்பியது நிற்கவில்லை. மூக்கை மேலே மேலே தூக்கிக்கொண்டே போய், ஒரு கணம் அந்தரத்தில் தயங்கி, சரிந்து விழப் பார்த்தது. அடக்கினால் குத்திட்டு இறங்கியது, விட்டால் மறுபடி மூக்கைத் தூக்கியது.

"என்னங்க செய்யுது இது?"

"நீர்தானே ஓட்டுறீர்" என்றார் நிதானமாக.

அப்போதுதான் உறைத்தது. வாலில் பொபின் இருக்கிறது, மூக்கில் தேசிக்காய் இல்லை. "பாவி மனுசா, தேசிக்காய அவுத்துட்டீங்களே" என்று கத்திக்கொண்டே, மோட்டாரைத் தணித்து, ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளிப் பிடித்தபடியே வளைத்துக் கொண்டுவந்தேன். துள்ளித் துள்ளிப் புல்லில் இறங்கி நின்றது. ஓடிப்போய் மடியில் தூக்கி வைத்து, சிறகை ஒவ்வொரு விலாவாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் முறியவில்லை.

மூச்சு வந்த பிறகு அவருக்கு விளங்கப்படுத்தினேன். யோசித்தார். "அப்ப தேசிக்காய் இருந்திருந்தால் ஒழுங்காப் பறந்திருக்கும்?"

"ஆமா."

"அதைத்தானே நானும் சொன்னனான்" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பொபினை எடுப்பதென்றால் வால் தாளைக் கிழிக்க வேண்டும். அதற்கு எனக்கு மனமில்லை. பைக்குள், தண்ணியில் பிழிந்து குடிக்கவென்று அவர் கொண்டுவந்த தேசிக்காய் ஒன்று இருந்தது. "கட்டுங்க" என்றேன். கும்பிட்டுவிட்டுக் கட்டினார். விரலில் தாங்கிப் பார்த்தேன், நேராக நின்றது.

இந்த முறை அது எழும்பிய அழகை எப்படிச் சொல்வது? அலுங்காமல் ஏறி, பனிக்கு மேலே வெயிலுக்குள் போய், சிவப்புச் சிறகு பளிச்சென்று திரும்பியது. என் பெருவிரல் அசைந்தால் வானத்தில் அது அசைகிறது. மூக்குக்குக் கீழே தேசிக்காய் ஒரு பொட்டாகத் தெரிந்தது. எனக்குக் காலெல்லாம் துள்ளியது.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி பக்கத்தில் நின்றார். கொஞ்சம் கழித்து, "இஞ்சை, எனக்கும் ஒருக்கால் தாறீரோ?" என்றார்.

யாராவது கேட்டால் என் கை தன்பாட்டில் நீளும். நடுமீன் துண்டு, குடை, பஸ்ஸில் யன்னல் கரை, எல்லாம் அப்படிப் போனவைதான். அன்றும் கை நீளப் பார்த்தது. விமானம் வளைந்து என்னை நோக்கி வந்தது.

"தர மாட்டேன்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி அண்ணாந்தார்.

"சரி, நீரே வைச்சிரும். ஆனால் தேசிக்காய் என்ரை."