கழுவாத கால்

செங்கமலத்தின் வலது பாதம் பல வருடங்களாக ஊருக்குத் தெரியாமல் இருந்தது. அப்படி நம்பியது அவள் மட்டும்தான். செட்டிகுளத்தில் அவளைத் தெரிந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் யானைக்கால்காரி என்றே சொன்னார்கள். அது யானைக்கால் இல்லை. என்னவென்று கண்டுபிடிக்கத்தான் அத்தனை காலம் ஆனது. ஆனதில் செங்கமலத்துக்கும் பங்கு உண்டு.

பிறந்தது ஆண்டிமடம் பக்கம். முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கி வளர்ந்தவள். கொளஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு செட்டிகுளம் வந்தாள். இருவரும் கூலிக்குப் போனார்கள். பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்து, ஒரு போகம் சின்ன வெங்காயம், ஒரு போகம் மக்காச்சோளம் என்று போட்டார்கள். செருப்பு போட்டுக்கொண்டு வயலில் இறங்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஒரு நாள் வேலிக்கருவேல முள் பாதத்தில் ஏறி முறிந்தது. கொளஞ்சி ஊக்கால் நெம்பி எடுத்து எருக்கம்பால் வைத்தான். ஆறிவிட்டது. இரண்டு மூன்று வருடம் கழித்து அதே இடத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. வலியில்லை. வலிக்காத கட்டிக்காக வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அந்தத் தெருவில் யாருமில்லை.

கட்டி பரவிப் பாதம் பருத்தது. பிறகு மேலே சின்னச் சின்னக் கண் திறந்து நீர் வந்தது. நாற்றம் வந்தது. முதன்முதலில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டியபோது, கட்டுப் போட வந்த நர்ஸ் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏம்மா, டாக்டர்கிட்ட வர்றப்ப கழுவிட்டு வரமாட்டீங்களா? மனுஷங்க நிக்க வேணாமா இங்க?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செங்கமலம் அதை மறக்கவில்லை.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் என்றால் கோயிலுக்குப் போகும் நாள் மாதிரி. விடியுமுன் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெந்நீர் கொதிக்கும். கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பாதத்தை அமுக்கி அமுக்கி உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிடுவாள். கடுகு மாதிரி கருப்பாகக் குறுணை குறுணையாக வரும். புண்ணின் கண்ணுக்குள் மாட்டிக்கொண்டதை ஊக்கால் கிளறி எடுப்பாள். எல்லாவற்றையும் எருக்குழியில் கொட்டி மேலே சாம்பலைத் தூவுவாள். டெட்டால் ஊற்றிக் கழுவி, பவுடர் தட்டி, கொளஞ்சியின் பழைய வேட்டியில் கிழித்த வெள்ளைத் துணியைச் சுற்றுவாள். அதன் மேல்தான் நல்ல சேலை.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் பார்த்த டாக்டர்கள் எல்லோரும், "புண்ணை நல்லா சுத்தமா வச்சிருக்கீங்கம்மா" என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அடுத்த முறை இன்னும் அழுத்திக் கழுவினாள். சீழைச் சோதனைக்கு அனுப்பினால் கிருமி ஒன்றும் வளரவில்லை என்று வரும். சதை வெட்டி அனுப்பியதில் நாள்பட்ட வீக்கம் என்று வந்தது. பாக்டீரியாவுக்கான மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்கினாள்.

ஊரில் வெங்காயம் வெட்டிய காலத்தில் மட்டும் அவள் நிம்மதியாக இருந்தாள். வெங்காயம் சேர்த்து வைக்கிற பட்டறையில் உட்கார்ந்து தாள் அரிகிற வேலைக்கு முதல் ஆளாகப் போவாள். கூலி குறைவு. ஆனால் அந்த நெடியில் வேறு எந்த நாற்றமும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அருகில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுவாள். வெங்காயம் முடிந்த மாதங்களில் அதே பாப்பாத்தி வாசல் தாண்டி உள்ளே வருவதில்லை.

மகள் மஞ்சு லேப் டெக்னீசியன் படித்தவள். பெரம்பலூரில் ஒரு லேபில் வேலை, அங்கேயே குடித்தனம். ஊரார் சளியையும் சீழையும் கண்ணாடியில் தேய்த்துப் பார்ப்பது அவள் பிழைப்பு. தாயின் பாதத்தைக் கட்டில்லாமல் அவள் பார்த்ததில்லை. "காட்டும்மா" என்று கேட்பாள். "போடி, பாத்தா சோறு எறங்காது உனக்கு" என்று செங்கமலம் சேலையை இழுத்துவிடுவாள். மஞ்சு அதற்கு மேல் கேட்கமாட்டாள். கேட்காமல் இருப்பது செங்கமலத்துக்கு வசதியாக இருந்தது.

கடைசியில் எலும்பு அரித்துவிட்டது. எக்ஸ்ரேயில் பாதத்து எலும்பெல்லாம் செல்லரித்தது போல் ஓட்டை. பொங்கல் கழியட்டும், கணுக்காலுக்கு மேலே எடுத்துவிடலாம் என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். கொளஞ்சி வீட்டுக்கு வந்ததும், "ஒத்தக் கால வச்சிக்கிட்டு வூட்டுல குந்து, நான் பொங்கிப் போடறேன்" என்றான். "நீ பொங்குன சோத்தத் தின்னுட்டு மிச்சக் காலும் போயிடும்" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். பிறகு கொளஞ்சி எழுந்து மாட்டைப் பார்க்கப் போனான். மாடு கொட்டகையில்தான் இருந்தது, பார்க்க ஒன்றுமில்லை.

மஞ்சு அங்கே இங்கே விசாரித்துத் திருச்சியில் ஒரு டாக்டரைப் பிடித்தாள். பெயர் அரவிந்தன். இந்த மாதிரிப் பாதங்களை மட்டும் சேர்த்து ஆய்வு செய்கிறவர். செங்கமலம் வழக்கம்போல் கழுவிக்கொண்டு போனாள்.

அவர் கட்டைப் பிரித்து நெடுநேரம் பார்த்தார். "ரொம்ப சுத்தமா இருக்கே" என்றார். செங்கமலத்துக்கு மனசு நிறைந்தது. அவர் பாராட்டவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"இதுலேருந்து குறுணை மாதிரி ஏதாவது வருமாம்மா? வெள்ளையா, மஞ்சளா, கருப்பா?"

செங்கமலம் வாயைத் திறப்பதற்குள் மஞ்சு சொன்னாள். "இல்ல சார். சீழ் மட்டும்தான் வரும்."

லேபில் வேலை செய்கிறவள் சொன்னதால் அவர் நம்பினார். செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் பொறுமையாக விளக்கினார். இந்த வீக்கம் இரண்டு வகைக் கிருமியால் வரும். ஒன்று பாக்டீரியா, ஒன்று பூஞ்சை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து மற்றதைத் தொடாது. எது என்று அந்தக் குறுணைதான் காட்டிக்கொடுக்கும். கருப்பு என்றால் பூஞ்சை. பூஞ்சைக்குச் சூடான் நாட்டில் சமீபத்தில் பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. வாரம் ஒரு முறை போடும் புது மாத்திரையையும் தினம் போடும் பழைய மாத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் வேலை செய்திருக்கிறது. எல்லோருக்கும் இல்லை, ஆனால் பலருக்கு. புதியது இங்கே கிடைக்காது, பழையது கிடைக்கும். தன் ஆய்வில் அதைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் கிருமி எது என்று தெரியாமல் யாரையும் சேர்க்க முடியாது.

"அடுத்த வாரம் வாங்க. அதுவரைக்கும் கழுவக் கூடாது. மஞ்சள் கூடாது, டெட்டால் கூடாது, பவுடர் கூடாது. சீழ் எப்படி வருதோ அப்படியே வாங்க."

"நாறுமேங்க" என்றாள் செங்கமலம்.

"நாறட்டும்மா."

மஞ்சு லீவு போட்டுவிட்டு உடன் வந்தாள். வீட்டில் செங்கமலம் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "கருப்பாத்தான்டி வரும்."

"என்னது?"

"அவரு கேட்டாரே. குறுணை."

மஞ்சு கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "எப்பலேருந்து?"

"நீ பத்தாவது படிக்கறப்பலேருந்து."

"அதை என்ன பண்ணுன?"

"எருக்குழியில கொட்டுனேன். வேற என்ன பண்ணுவாங்க அத?"

"அங்கயே சொல்லியிருக்கலாம்லம்மா."

"நீ இல்லேன்னு சொல்லிட்ட. படிச்ச புள்ள சொன்னத டாக்டரு முன்னால நான் இல்லேங்கறதா?"

எத்தனையோ பேருடைய சீழைப் பார்த்த மஞ்சு, வீட்டுச் சீழைப் பார்க்காமலே சாட்சி சொல்லியிருந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துச் செங்கமலத்துக்கு, ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

அந்த வாரம் செங்கமலம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கொளஞ்சி வெளியில் கட்டில் போட்டுக்கொண்டான். காற்றுக்கு என்றான். தை மாதப் பனியில் என்ன காற்று. புறப்படும் நாள் விடிகாலையில் அவளையறியாமல் கை வேப்பிலை உருவியது. வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தபோது மஞ்சு எழுந்து வந்து பானையைத் தூக்கி வாசலில் கொட்டினாள்.

"துணியாவது மாத்திக்கறேன்டி."

"வேணாம்மா."

"பஸ்ஸுல நாலு பேரு இருப்பாங்க."

"இருக்கட்டும்மா. கால் வேணுமா, வேணாமா?"

ஆலத்தூர் கேட்டில் திருச்சி பஸ் ஏறினார்கள். மஞ்சு சன்னல் ஓரம், செங்கமலம் பக்கத்தில். பாடாலூர் தாண்டும்வரை ஒன்றுமில்லை. வெயில் ஏறியதும் பஸ்ஸுக்குள் பேச்சு எழுந்தது.

"யாருப்பா அது கருவாடு கொண்டாந்தது?"

"கருவாடா? எலி செத்துக் கெடக்கு. சீட்டுக்கடியில பாருங்க."

"செத்த எலின்னா பரவால்லியே, இது அதுக்கும் மேல."

நாலைந்து பேர் சிரித்தார்கள். எதிர்ச் சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். செங்கமலத்தின் மடியில் ஒரு துணிப்பை இருந்தது, மாற்றுச் சேலையும் தயிர்சாதமும். "ஏங்க, உங்க பையிலயா?"

"ஆமாங்க" என்றாள் செங்கமலம். "கருவாடுதான். மக தஞ்சாவூர்ல இருக்கு, அதுக்கு."

"எந்தச் சந்தையில வாங்குனீங்க? நல்லா ஏமாத்திட்டான் உங்கள." அந்த அம்மாள் பிறகு மஞ்சுவைப் பார்த்தாள். "நீ எப்படிம்மா பக்கத்துலயே உக்காந்துகிட்டு தாங்குற?"

மஞ்சுவின் துப்பட்டா மூக்குவரை ஏறியிருந்தது. அவள் அந்த அம்மாளைப் பார்த்து, யாரோ எவரோ போல லேசாகச் சிரித்தாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்டக்டர் வந்தான். "ஏம்மா, கோச்சுக்காத. கடைசி சீட்டு காலியா கெடக்கு. அங்க போயிடு, காத்து வரும்."

செங்கமலம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஓடுகிற பஸ்ஸில் கம்பி கம்பியாகப் பிடித்து, வலது காலை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். நடந்த இடமெல்லாம் ஆட்கள் முழங்காலை ஒதுக்கிக்கொண்டார்கள். கடைசி சீட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பாதம் இரும்பில் இடித்தது. மகள் திரும்பிப் பார்ப்பாளோ என்று பயமாக இருந்தது. மஞ்சு திரும்பவில்லை. நல்லது என்று நினைத்தாள். நினைத்த பிறகும் அந்தப் பின்னந்தலையையே திருச்சிவரை பார்த்துக்கொண்டு வந்தாள்.

எல்லோரும் இறங்கியபின் கீழே மஞ்சு நின்றுகொண்டிருந்தாள். "பையக் குடும்மா" என்றாள்.

அரவிந்தன் கட்டைப் பிரித்தார். உதவிக்கு நின்ற பெண் ஓரடி பின்வாங்கினாள். செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லாததால் திறந்து பார்த்தாள். அவர் குனிந்து, சின்ன இடுக்கியால் துணியிலிருந்து கருங்குறுணைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார், அரிசியில் கல் பொறுக்குவது போல.

"இதாம்மா" என்றார். "இதுக்குத்தான் காத்திருந்தேன்."

தன் காலைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்படுவதைச் செங்கமலம் அன்றுதான் பார்த்தாள். அது அவளுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

பக்கத்து அறையில் மைக்ராஸ்கோப் இருந்தது. மஞ்சுவையும் கூப்பிட்டுக் காட்டினார். அவள் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "பூஞ்சைதான்மா" என்றாள். அரவிந்தன், சதையும் எடுத்து உறுதி செய்துகொண்டு மாத்திரை தொடங்கலாம், ஆறு மாதம் போனதும் சுருங்கின கட்டியை மட்டும் வெட்டி எடுக்கலாம், கால் நிற்க வாய்ப்பு இருக்கிறது, உத்தரவாதம் இல்லை என்றார். கையைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"இப்படியே பஸ்ஸுல வந்தீங்களே, ரொம்ப சங்கடமா போச்சா?"

மஞ்சு, "சார், பஸ்ஸுல நான்..." என்று ஆரம்பித்தாள்.

"ஒரு சங்கடமும் இல்லைங்க" என்றாள் செங்கமலம். "மக பக்கத்துலயே உக்காந்து வந்துச்சு."

அவர் மஞ்சுவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இந்தக் காலத்தில் யார் இப்படி என்றார். மஞ்சு தரையைப் பார்த்தாள்.

மாத்திரை ஒரு வருடம் ஓடியது. நடுவில் கட்டியை எடுத்தார்கள். இரண்டு விரல் போனது, பாதம் நின்றது. போன கார்த்திகையில் நெஞ்சுவலியில் போய்ச்சேரும்வரை செங்கமலம் சொந்தக் காலில்தான் நடந்தாள். நாற்றம் போனபின் பாப்பாத்தி வீட்டுக்குள் வர ஆரம்பித்திருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் செங்கமலம் அந்தப் பஸ் பயணத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அதில் மஞ்சு வளர்ந்துகொண்டே போனாள்: கண்டக்டரிடம் சண்டை போட்டாள், தாயின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

செங்கமலம் இருந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சு வந்திருந்தபோதும் அந்தப் பேச்சு வந்தது.

"பெத்தா இப்படிப் பெக்கணும்க்கா" என்றாள் பாப்பாத்தி. "எம்மருமவ என் தலைமாட்டுல சொம்புத் தண்ணி வைக்கறதுக்கே மூஞ்சத் தூக்குறா. ஏன் மஞ்சு, உனக்குக் குமட்டவே இல்லியா?"

மஞ்சு அம்மாவைப் பார்த்தாள். "நான் எங்க சித்தி..."

"அவ கிட்ட என்னத்தக் கேக்குற, அவ சொல்லிக்க மாட்டா" என்று செங்கமலம் இடையில் புகுந்தாள். "நான் சொல்றேன் கேளு. சமயபுரத்துகிட்ட வந்தப்ப..."

மஞ்சு சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். செங்கமலம் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.