வாய் கட்டிய தாழி

ஏப்ரல் மூன்றாம் தேதி, ஒரு செவ்வாய்க்கிழமை, தச்சர் உசாமி, ஜப்பானின் சாடோ தீவைவிட்டுக் கப்பலேறினார். மலைக்கோயிலின் நாடகமேடைக்குப் புதுப் பலகை போட்டு முடித்த கையோடு கிளம்பிவிட்டார். துறைமுகத்தில் அவரை இறக்கிவிட்டவள் பேருந்து ஓட்டும் மிட்சுயோ. வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் மேடையோரம் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடியவளுக்கு, அந்த ஜூன் திருவிழாவில்தான் முதல்முறையாக முதன்மை வேடம்.

மீனவப்பெண் ஒருத்தியின் ஆவி வேடம் அது. கடைசியில் மேடையின் முன்மூலைக்கு வந்து ஒரே ஒரு மிதி. அது கும்மென்று எழுந்தால்தான் ஆவி கரையேறியதாக அர்த்தம். மேடைக்கடியில் ஏழு மண்தாழிகள் வாய்திறந்து கிடப்பது அந்தச் சத்தத்தை வாங்கி முழங்கத்தான்.

ஒத்திகையில் மிட்சுயோ மிதித்தாள். அரிசி மூட்டை விழுந்ததுபோல் தொப்பென்றது.

"அக்கா, பஸ் பிரேக்குன்னு நெனச்சிட்டியா?" என்றான் மத்தளம் அடிக்கும் மீன்கடைக்காரன் டொகுஜி.

"நீ மொதல்ல மீன் வெட்டற மாதிரி வெட்டாம ஒழுங்கா அடி."

பத்துமுறை மிதித்தும் அதே தொப். மறுநாள் மதியம் கைவிளக்கோடு மேடைக்கடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தாள். ஆறு தாழிகள் திறந்திருந்தன. முன்மூலையிலிருந்த ஐந்தாவதின் வாய்மேல் புதுப் பலகை. சுற்றிலும் கயிறு, அழகான முடிச்சு.

"உசாமி காரணமில்லாம ஒரு ஆணிகூட அடிக்கமாட்டாரு," என்றார் பூசாரி. "அவரைக் கேக்காம தொட்டா, வேஷம் வேற ஆளுக்குப் போயிடும். சொல்லிட்டேன்."

"சரி, கேளுங்களேன் ஐயா."

"அவருக்கு ஏது ஃபோன்? கடுதாசி போடறேன்."

'ஆள் இல்லை' என்று கடிதம் திரும்பி வந்தது. உள்ளே பாம்பு என்றான் டொகுஜி. சாமிக்கு அந்த மூலையில் சத்தம் ஆகாது என்றாள் அவன் மனைவி. மிட்சுயோ இரண்டுமுறை போய் மூடிமேல் காதுவைத்துக் கேட்டாள். முடிச்சுவரை போன கையை இழுத்துக்கொண்டாள்.

திருவிழாவன்று ஊரே சோற்றுப்பெட்டியும் அரிசிமதுவுமாகப் புல்லில் உட்கார்ந்திருந்தது. கீழே படிப்படியாக நாற்று நட்ட வயல்கள், அதற்கும் கீழே கடல். ஆவி முன்மூலைக்குப் போகவில்லை. மூன்றடி பின்வாங்கி, சனங்களுக்கு முதுகுகாட்டி, தூண்களின் நடுவே தெரிந்த கடலைப் பார்த்து மிதித்தது.

கும்.

வாய்வரை போன கிண்ணங்கள் அப்படியே நின்றன.

"அங்க போய் மிதின்னு யாரு சொல்லிக்குடுத்தா?" என்றார் பூசாரி அப்புறம்.

"தாழிதான்."

அதன்பிறகு அந்த வேடம் யார் கட்டினாலும் கடலைப் பார்த்தே மிதித்தார்கள். ஏன் என்று கேட்கும் வெளியூர்க்காரர்களுக்கு டொகுஜி ஆளுக்கொரு காரணம் சொல்வான். மிட்சுயோ மட்டும் வருடாவருடம் ஒருமுறை குனிந்து அந்த முடிச்சைப் பார்த்துவிட்டு வருவாள்.

ஆறு வருடம் கழித்து, நவம்பரில், கோயில் முகவரிக்கு உசாமியிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. பூசாரி அதைப் படித்துவிட்டு மிட்சுயோவிடம் நீட்டினார்.

'இப்போது வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் ஞாபகம் வந்தது. மரத்தூள் விழாமலிருக்க ஐந்தாவது தாழியை மூடியிருந்தேன். கப்பலுக்கு நேரமாகிவிட்டதால் மறந்துவிட்டேன். தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள்.'