நாலாம் நம்பர் பாகம்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். மச்சான், அக்கா, நான்.

இல்லாதவர்களும் மூன்று பேர். அப்பா பூண்டு மூட்டைகளோடு வடுகபட்டிச் சந்தைக்குப் போய்விட்டார். இந்தப் பத்தி முடியும்வரை திரும்பி வரமாட்டார். மெக்கானிக் ராபர்ட் அண்ணன் வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அம்மா தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் இல்லையே என்றுதான் நாங்கள் கவலைப்பட்டோம். அம்மா இல்லையே என்று கவலைப்பட்டிருக்க வேண்டும்... அது சாயங்காலம்தான் தெரிந்தது.

மச்சான் கொடைக்கானலில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். அக்கா ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்காகப் பள்ளங்கியில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து வருகிற பிள்ளை. எங்கள் ஊர் ரோட்டின் குலுக்கல் அவளுக்கு ஆகாது என்று மச்சான் காருக்கு ஒரு சைஸ் பெரிய டயர் மாட்டினார். குலுக்கல் குறைந்தது. ஆனால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தால் முன் டயர் எதிலோ உரசிக் ‘கர்ர்ர்’ என்றது.

மலைப்பாதையில் ஒடிக்காமல் எப்படி இறங்குவது? மறுநாள் வெள்ளனே திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குச் செக்கப் வேறு.

உரசியது, டயருக்கு மேலே குடை மாதிரி வளைந்திருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தடுப்பு. ஃபெண்டர் லைனர் என்று பெயர். சேறும் கல்லும் உள்ளே தெறிக்காமல் காப்பது அதன் வேலை. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

ராபர்ட் அண்ணனுக்குப் போன் போட்டோம். பேண்டு வாத்தியத்துக்கு நடுவே அவர் கத்தினார்.

“லைனருக்குப் பின்னாடி இருக்கற பார்ட்ஸ் அதை வெளிய தள்ளிக்கிட்டு நிக்கும் ப்ரோ. எது என்னன்னு பாத்துக்கங்க. கொஞ்சம் எடம் மாத்தி வச்சீங்கன்னா லைனரை உள்ள தள்ளி கிளிப் போட்ரலாம். சிம்பிள்.”

“நம்மகிட்டத்தான் படிச்ச ஆளு இருக்கே,” என்று மச்சான் என்னைப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் காலேஜ் படிப்பை முடித்த முதல் ஆள் நான். மாத்திரை அட்டை முதல் பூச்சிமருந்து டப்பா வரை, இங்கிலீஷில் எழுதியிருப்பதெல்லாம் என்னிடம்தான் வரும். வராததற்கும் நானே போய் நிற்பேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது புதிதில்லை.

காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, லைனரை உருவினோம். அரை வாளி மண் கொட்டியது. மண்ணோடு பூண்டுத் தொலி, பைன் ஊசி, எவரோ டூரிஸ்ட் போட்ட சாக்லேட் பேப்பர். எனக்கு லேப் பழக்கம் போகவில்லை. வெள்ளை டேப்பைக் கிழித்து, நம்பர் எழுதி, ஒவ்வொரு பாகத்தின் மேலும் ஒட்ட ஆரம்பித்தேன்.

ஒன்று, ஹார்ன். இரண்டு, கண்ணாடி கழுவுகிற தண்ணீர் டேங்க். மூன்றாவது ஒரு கறுப்பு டப்பா. வயர் இல்லை. தட்டிப் பார்த்தால் காலி.

“உள்ள ஒண்ணுமே இல்லையே மாப்ள. எதுக்கு வச்சிருக்கான்?” என்றார் மச்சான்.

பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து பேரிக்காய் கடித்துக்கொண்டிருந்த அக்கா சொன்னாள்: “என் தம்பி தலையப் பாத்து செஞ்சிருப்பாக.”

மறுபடி ராபர்ட் அண்ணன். “இன்ஜின் காத்தை இழுக்கற சத்தம் வெளிய கேக்காம இருக்க வச்ச டப்பா ப்ரோ. காலியாத்தான் இருக்கும். சாப்பாடு ஆறுது, வைக்கட்டா?”

நாலாவதுதான் சிக்கல். தண்ணீர் டேங்கின் கழுத்தில், கட்டைவிரல் பருமனில், மண் அப்பி இறுகிப்போன ஓர் உருண்டை. சணலால் கட்டியிருந்தது. போனில் நான் இறக்கி வைத்திருந்த கார் பாகங்களின் படத்தில் அப்படி ஒரு பாகமே இல்லை. டேப்பில் ‘4 – தெரியவில்லை’ என்று எழுதினேன்.

“ஏலே, படிச்ச புள்ள தெரியலைன்னு எழுதலாமா?” என்றாள் அக்கா.

ரோஷம் வந்துவிட்டது. கொஞ்சம் யோசித்தேன். டேங்க் ஆடாமல் இருக்க எவனோ பழைய மெக்கானிக் சொருகிய கந்தல் என்று முடிவு கட்டினேன். மச்சானும் தலையாட்டினார். பிளேடால் சணலை அறுத்து, மண் வாளியில் போட்டு, வாளியைக் கொண்டுபோய்ச் சௌசௌ பந்தலுக்கு அடியில் கவிழ்த்தேன்.

தெரியாத பொருளுக்கு ‘வேஸ்ட்’ என்று பெயர் வைத்துவிட்டால் அது தெரிந்த பொருளாகிவிடுகிறது. படிப்பு எனக்குக் கொடுத்த கெட்ட பழக்கங்களில் இதுவும் ஒன்று.

பிறகு எல்லாம் கடகடவென்று நடந்தது. கடைத்தெருவில் வாங்கி வந்த எல் ஆங்கிள் இரும்புத் துண்டில் ஹார்னை முன்பக்கமாக, உயரத்தில் மாட்டினோம். வயர் எட்டவில்லை, ஒட்டுப் போட்டோம். டேங்கைப் பின்னால் தள்ளிக் கட்டினோம். காலி டப்பா ஒரு விரல்கடை நகர்ந்து கொடுத்தது. லைனரை அழுத்தினால் உள்ளே போய் உட்கார்ந்தது. சக்கரத்தை மாட்டி, ஸ்டியரிங்கை ஒடித்தார் மச்சான். சத்தமே இல்லை. ஹார்னை அடித்தார். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

மூவரும் பெருமையாக டீ குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள்.

விஷயத்தைச் சொன்னோம். அம்மா களைக்கொத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராகக் காரிடம் போய்க் குனிந்து, டயருக்கு மேலே லைனர் ஓரத்துச் சந்துக்குள் கையை விட்டாள். முழங்கை வரை போன கை அங்கேயே நின்றது.

“இங்கன ஒண்ணு கட்டிக் கெடந்துச்சே.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“என்னதும்மா?”

“மஞ்சத் துணில காசு முடிஞ்சு கட்டியிருந்தேன். போன தைப்பூசத்துக்கு.”

வேண்டுதல் முடிச்சு. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தால், வேண்டியது நடந்த பிறகு பழனியில் போய்த்தான் அவிழ்க்க வேண்டும். நடுவில் அவிழ்ந்துவிடக் கூடாது. என்ன வேண்டுதல் என்று நாங்கள் கேட்கவில்லை. அக்காவின் கை தானாக வயிற்றின் மேல் போனது.

“அத்தை, அதை எதுக்கு அங்க போயி...” என்றார் மச்சான்.

“ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இவளத் தூக்கிட்டு அலைஞ்சது இந்த வண்டிதான மாப்பிள்ளை. உள்ள வச்சா கண்ட ஆளும் ஏறி எறங்குவாக. வீட்ல வச்சா,” என்று என்னைக் காட்டினாள், “இவன் ஆயிரம் கேள்வி கேப்பான்.”

அந்தச் சணல் பூண்டு மூட்டை தைக்கிற சணல். அந்த முடிச்சு அம்மா மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. இருபத்தைந்து வருடமாக நான் பார்க்கிற முடிச்சு அது. நானோ அதைப் போனில் இருந்த படத்தில் தேடியிருக்கிறேன்.

சௌசௌ பந்தலுக்கு ஓடினேன். மச்சானும் வந்தார். மண்ணைக் கையால் அலசினோம். பைன் ஊசி... தொலி... சாக்லேட் பேப்பர். இருட்டுவதற்குள் கிடைக்க வேண்டுமே. துணி விட்டுப்போய்க் காசு தனியாகக் கிடைத்தால் அம்மா முகத்தில் எப்படி முழிப்பது? அக்கா முகத்தில்?

மச்சான்தான் எடுத்தார். வேட்டி நுனியால் மண்ணைத் துடைத்தார். உள்ளே மஞ்சள் தெரிந்தது. நான் அறுத்தது டேங்கில் கட்டிய சணலை மட்டும்தான். முடிச்சு கல்லு மாதிரி இருந்தது. அதைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்த பிறகுதான் அம்மா களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“ஏழு வருசமா ஊரே விசேஷமில்லையான்னு கேட்டுச்சு. நீ மட்டும் ஒரு வார்த்த கேக்கல. ஒனக்கு என் மேல அக்கறையே இல்லன்னு நெனச்சு எத்தன நாளு அழுதிருக்கேன் தெரியுமா?”

அம்மா முந்தானையால் முடிச்சைத் துடைத்தபடியே சொன்னாள்: “ஒங்கிட்ட எதுக்குக் கேக்கணும்? கேக்க வேண்டிய எடத்துல கேட்டேன்.”

மச்சான் ஜாக்கியை எடுத்து வந்தார்.

மறுபடி சக்கரத்தைக் கழற்றி, லைனரை உருவினோம். இந்த முறை இடம் பார்ப்பது என் பொறுப்பு. டேங்க் ஓரம் வேண்டாம், தண்ணீர் கசியும். காலி டப்பா பக்கம் வேண்டாம், இன்ஜின் சூடு. டயர் எட்டாத, சேறு தெறிக்காத இடம் என்று பார்த்தால்... ஹார்னுக்குப் பக்கத்தில் அந்தப் புது எல் ஆங்கிள்தான். அம்மாவே சணலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

“வெரசா மாட்டுங்க, சோலி கெடக்கு,” என்று எழுந்து போனாள். என் நாலாம் நம்பர் டேப்பைக் காணோம். யார் கிழித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். வளைவுக்கு வளைவு மச்சான் ஹார்ன் அடித்தார். டயர் ஒரு இடத்திலும் உரசவில்லை.

“இப்படி அடிச்சா பக்கத்துல இருக்க முருகனுக்குக் காது வலிக்குமே,” என்றாள் அக்கா.

“வலிக்கட்டும்,” என்றாள் அம்மா. “அவருக்கும் அப்பப்ப ஞாபகப்படுத்தணும்ல.”

டாக்டர் பார்த்தார். தாய்க்கும் பிள்ளைக்கும் குறை ஒன்றுமில்லை.

எல் ஆங்கிள், கிளிப், வயர், டேப், முடிச்சுக் காசு எல்லாம் சேர்த்து ஆன செலவு இருநூற்றுப் பதினோரு ரூபாய். அதில் ஒரு ரூபாய் அம்மாவுடையது. அதை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை.